ஈசானிய வாட்டம்

மழை பிடித்த ஐந்தாம் நாள் காலையில் ஷட்டில் கோர்ட் அறுபத்தொரு அடி நீளமாகியிருந்தது. போட்ட அன்று அது நாற்பத்துநாலு அடி. களிமண் தண்ணீரைக் குடித்தால் ஊதும் என்பது ஊரறிந்த சங்கதி. அதனால் சுந்தரவல்லி ஆச்சரியப்படவில்லை. அவளுக்கு இருந்த கவலை வேறு. கோர்ட்டின் அந்தக் கடைசியில், கணுக்கால் அளவு தண்ணீரில், அவள் வீட்டுக்காரர் நவநீதகிருஷ்ணன் ஐந்து நாளாக நின்றுகொண்டிருந்தார்.

அவருக்குச் சர்க்கரை. பதினேழு வருஷத்துச் சர்க்கரை. காலில் ஈரம் தங்கக் கூடாது, சின்னதாக ஒரு புண் வந்தாலும் காலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். தினமும் வேர்க்க விறுவிறுக்க விளையாடுங்கள் என்று சொன்னதும் அதே டாக்டர்தான். விளையாடுவதற்காகக் கோர்ட் போட்டார்கள். கோர்ட்டில் தண்ணீர் நின்றது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை என்பது இதுதான்.

வீடு இருந்த இடம் மதுரைக்கு வெளியே, கண்மாயைத் தூர்த்துப் பிரித்த பிளாட். கொல்லையில் ஒரு முழம் தோண்டினால் கறுகறுவென்று களி வரும். பிள்ளையார் பிடிக்கத் தோதான மண். கோர்ட் போடத்தான் ஆகாது. காண்ட்ராக்டர் சோலைராஜ் வந்த முதல் நாளே அதைச் சொல்லிவிட்டான். ஒன்றரை அடிக்குக் களியை வாரி வெளியே கொட்ட வேண்டும். சுற்றிலும் ஓட்டை போட்ட பைப் பதித்து ஜல்லியால் மூட வேண்டும். மேலே கிராவல், அதற்கு மேலே கான்கிரீட். கான்கிரீட்டுக்குப் பத்தடிக்கு ஓர் அங்குலம் வாட்டம் கொடுத்து, தண்ணீரைக் கன்னிமூலைப் பக்கம் இறக்கிவிட வேண்டும். அந்தத் தென்மேற்கு மூலையில்தான் தெருவின் சாக்கடை ஓடியது.

“கன்னிமூலைக்கா?” என்றார் நவநீதகிருஷ்ணன். “பைத்தியமாய்யா உனக்கு? கன்னிமூலை உசந்து இருக்கணும். ஈசானியம் தாழ்ந்து இருக்கணும். வாஸ்து தெரியாம எப்படி நீ கோர்ட் போட வந்த?”

“சார், வடகிழக்குல காம்பவுண்டு சுவர்தான் இருக்கு. தண்ணி போக வழி இல்ல.”

“போகும்.”

“எங்க சார் போகும்?”

“அது தண்ணியோட வேலை.”

அவர் சர்வே ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர். அளந்ததில் தப்பு என்று ஒருவரும் ஒருநாளும் சொன்னதில்லை. சொல்ல விட்டால்தானே? தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பார்கள். நவநீதகிருஷ்ணன் பிடித்த முயலைப் பக்கத்தில் போய்ப் பார்க்கிற தைரியமே யாருக்கும் இருந்ததில்லை.

சோலைராஜ் அவர் சொன்னபடியே ஈசானியத்துக்கு வாட்டம் வைத்தான். வல்லி அப்போது சமையலறை வாசலில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கல்யாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் அவள் பேசிக் களைத்தவள் இல்லை, பேசாமலே களைத்தவள்.

மழை வந்தது. தண்ணீர் ஈசானியத்துக்குப் போனது. போய் அங்கேயே நின்றது. “வடியிறதப் பாத்துட்டு வர்றேன்” என்று நவநீதகிருஷ்ணன் ஷட்டில் பேட்டைக் கையில் எடுத்துக்கொண்டு போய்த் தண்ணீருக்குள் நின்றார். வடிவதற்கு முன்னால் திரும்பி வந்தால் வாட்டம் தப்பு என்று ஆகிவிடும். அதனால் அவர் வரவில்லை.

“என்னங்க, காலு என்னத்துக்கு ஆகும்? வந்துருங்க” என்று வல்லி இந்தப் பக்கத்திலிருந்து கத்தினாள்.

“ரெண்டு நாள்ல வடிஞ்சிரும்.”

“நேத்தும் இதத்தானே சொன்னீங்க?”

“நேத்துச் சொன்னது வேற ரெண்டு நாள்.”

மழை விடவில்லை. ஏழாம் நாள் கோர்ட் ஒரு தெரு நீளத்துக்கு வந்துவிட்டது. பத்தாம் நாள் அவள் காலை ஏழு மணிக்கு இட்லியைத் தூக்குவாளியில் போட்டு எடுத்துக்கொண்டு கிளம்பினால், போய்ச் சேர ஒன்பதரை ஆனது. சட்னி புளித்துவிட்டது. அவர் அதற்கும் முகத்தைச் சுளித்தார். பன்னிரண்டாம் நாள் நெட்டுக்குப் பக்கத்தில் ஒருவர் டீக்கடை போட்டிருந்தார். பெஞ்சில் இரண்டு பேர் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்கள்.

“எங்கம்மா இவ்வளவு தூரம்?” என்று கேட்டார் கடைக்காரர்.

“ஈசானியத்துக்கு.”

“அங்க ஒருத்தர் நிக்கிறாராமே. வேண்டியவரா?”

“வீட்டுக்காரர்.”

கடைக்காரர் சற்று நேரம் டீயை ஆற்றினார். “குடிச்சிட்டுப் போங்க. இதுக்கு மேல கடை கிடையாது” என்றார்.

அன்று அவள் அவரிடம் கோர்ட் நீண்டுகொண்டே போவதைச் சொல்லிவிட்டாள். அவர் சிரித்தார். சட்டைப் பையிலிருந்து டேப்பை எடுத்து, நுனியை அவள் கையில் கொடுத்து, “சமையக்கட்டு வாசல் வரைக்கும் கொண்டுபோய்ப் பிடி” என்றார். அவள் பிடித்துக்கொண்டு நடந்தாள். வாசலுக்கு வர உச்சிப்பொழுது ஆகிவிட்டது. டேப்பும் நீண்டிருந்தது. நாற்பத்து மூன்றுக்கும் நாற்பத்து நாலுக்கும் நடுவில் ஓர் ஆள் கால் நீட்டிப் படுக்கலாம்.

அவள் திரும்பி வந்தபோது அவர் அளவைத் தாளில் குறித்து வைத்திருந்தார். “நாப்பத்துநாலு. நூல் பிசகல. அளவு பொய் சொல்லுமா?”

வல்லி தாளைப் பார்க்கவில்லை. அவருடைய கால்களைத்தான் பார்த்தாள். தண்ணீருக்கு அடியில் விரலிடுக்குகள் ஊறி வெளுத்துப் போயிருந்தன. அவருக்கு வலி தெரியாது. பதினேழு வருஷத்தில் சர்க்கரை அதையும் தின்று தீர்த்திருந்தது. வலிக்கிற காலாக இருந்தால் தானே வீட்டுக்கு வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டே திரும்பி நடந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சோலைராஜுக்குப் போன் போட்டாள். அவன் வந்து கான்கிரீட்டில் குப்புறப் படுத்துக் காதை வைத்துக் கேட்டான்.

“குடிக்குதுக்கா. மடக்கு மடக்குனு சத்தம் கேக்குது.”

“நிறுத்தச் சொல்லு தம்பி.”

“நான் சொன்னா அது எங்க கேக்கும்க்கா? சார் சொன்னதக் கேட்டுப் படிஞ்ச களி இது.” அவன் எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டான். “வாட்டத்த மாத்தணும். கன்னிமூலைக்குத் திருப்பணும். நான் ஆள் வச்சுச் செஞ்சு குடுத்துருவேன். ஆனா வச்ச வாட்டம் பதிவு ஆகியிருக்கும். வாட்டப் பதிவு ஆபீசுல ஃபாரம் வாங்கிட்டு வாங்க.”

வாட்டப் பதிவு அலுவலகமும் ஈசானியம் தாழ்ந்த கட்டடம்தான். அதனால் மேசை, நாற்காலி, பீரோ எல்லாம் வருஷக்கணக்காகச் சரிந்து சரிந்து வடகிழக்கு மூலையில் குவிந்திருந்தன. குவியலுக்கு நடுவில் எஸ்தர்ராணி என்ற அலுவலர் உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வல்லி பதினோரு மேசைகளை ஏறி இறங்கி அவரிடம் போனாள். வழியில் யாரோ ஒருவர் மேசைக்கு அடியிலிருந்து, “செருப்பக் கழட்டிட்டு ஏறுங்கம்மா” என்றார்.

“வாட்ட மாற்றமா? தண்ணி கையெழுத்து வேணுமே” என்றார் எஸ்தர்ராணி.

“தண்ணிக்கு எழுதத் தெரியாதுங்களே.”

“கொண்டாந்திருக்கீங்களா?”

சோலைராஜ் முன்கூட்டியே சொல்லியனுப்பியிருந்ததால் அவள் ஒரு பாட்டிலில் கோர்ட் தண்ணீர் கொண்டுபோயிருந்தாள். எஸ்தர்ராணி மூடியில் கொஞ்சம் ஊற்றி ஃபாரத்தின் மேல் கவிழ்த்தார். கறை மெல்லப் பரவி நின்றது. தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“இனிஷியல் போடல. சரி, பரவால்ல. தப்புப் பண்ணது யாரு?”

வல்லி வாயைத் திறந்தாள். இருபத்தொன்பது வருஷமாக அந்தக் கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை. “அவரு நல்லவர்தாங்க. கொஞ்சம் பிடிவாதம்” என்றாள்.

“பிடிவாதத்துக்கு மூணாவது மாடி. இந்தக் கட்டடத்துக்கு ரெண்டு மாடிதான் சாங்ஷன் ஆச்சு.”

“ரெண்டு பேரும் சேந்து தப்புப் பண்ணதா எழுதிக்கிறலாமா?”

“கூட்டுத் தப்புக்கு ஃபாரம் அச்சடிக்கிறது நின்னுபோச்சும்மா. ஒருத்தர்தான் போடணும். சாட்சிக்கு ஒருத்தர். தப்பு இல்லேன்னா வாட்டம் மாறாது. தப்பே இல்லாத வாட்டத்த நாங்க எதுக்கு மாத்தணும்? நீங்களே சொல்லுங்க.”

அது நியாயமாகத்தான் பட்டது. வல்லி ஃபாரத்தை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஃபாரத்தில் இரண்டே வரிதான். ‘வாட்டம் தவறு. தவறு செய்தவர் நான்.’ அடியில் கையெழுத்துக்கு ஒரு கோடு. அதற்கும் அடியில் எறும்பு ஊர்வது போலப் பொடி எழுத்தில் என்னவோ இருந்தது. கண்ணாடி இல்லாமல் அவளால் படிக்க முடியவில்லை.

மறுநாள் சோலைராஜைச் சாட்சிக்குக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள். பொழுது சாயும்போது நெட்டைத் தாண்டினார்கள். பிறகு ராத்திரி முழுக்க நடந்தார்கள். வெள்ளைக் கோடு ஒன்று கூடவே வந்தது. அதை மிதிக்காமல் நடக்கும்படி சோலைராஜ் சொன்னான். ஏன் என்று அவளும் கேட்கவில்லை. அடுத்த நாள் காலையில் ஈசானியத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தண்ணீர் அவருடைய கெண்டைக்கால் வரைக்கும் ஏறியிருந்தது. ஆள் இளைத்திருந்தார். குரல் மட்டும் இளைக்கவில்லை.

“வாய்யா சோலைராஜ்! பாரு, ஒரு நூல் எறங்கியிருக்கு.”

“ஒரு சாண் ஏறியிருக்கு சார்.”

“நீ நிக்கிற எடத்துல இருந்து பாத்தா அப்படித்தான் தெரியும்.”

வல்லி ஃபாரத்தை நீட்டினாள். “என்னங்க, ஒரே ஒரு கையெழுத்து. போட்டுட்டு வாங்க, வீட்டுக்குப் போவோம். வெந்நி வச்சுத் தர்றேன்.”

அவர் படித்தார். மறுபடியும் படித்தார். “தவறு செய்தவர் நானா? யாரு எழுதினது இதை?”

“ஆனைக்கும் அடி சறுக்கும் சார்” என்றான் சோலைராஜ், தணிந்த குரலில்.

“ஆனைக்குச் சறுக்கும்யா. அது அளந்து பாத்துட்டா நடக்குது?”

வல்லிக்குப் பொறுக்கவில்லை. தண்ணீருக்குள் இறங்கிக் குனிந்து அவருடைய வலது காலைப் பிடித்துத் தூக்கினாள். கான்கிரீட்டுக்கு மேலே ஏறியிருந்த களி சளக்கென்று சத்தம் போட்டு விட்டுக்கொடுத்தது. சுண்டுவிரலுக்குக் கீழே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு புண். சுற்றிலும் தோல் வெள்ளையாக உரிந்து, நடுவில் சிவந்திருந்தது. அவள் பார்ப்பதை அவரும் குனிந்து பார்த்தார். யாரோ ஒருவருடைய காலைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“இது எப்ப வந்துச்சு?” என்று கேட்டார்.

அவளுக்கு அழுகை முட்டியது. கோபமும் வந்தது. இந்த மனுஷன் மேல் இருந்த கோபமும் இந்தக் கால் மேல் இருந்த பாசமும் ஒரே நேரத்தில் கிளம்பின. “போடுங்களேன்” என்றாள். “உங்களக் கும்பிடுறேன். யாருக்குத் தெரியப் போகுது? போடுங்க.”

அவர் பேனாவைத் திறந்தார். தாளை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். பேனா கோட்டுக்கு ஒரு விரற்கடை மேலே வந்து நின்றது. நெற்றியில் வேர்த்தது. அதற்குக் கீழே பேனா இறங்கவில்லை. அவர் உண்மையாகவே முயன்றார் என்றுதான் வல்லிக்குத் தோன்றியது. வெகுநேரம் கழித்து அவர் பேனாவை மூடினார்.

“வர மாட்டேங்குது” என்றார். குழந்தை சொல்வது போல இருந்தது.

பிறகு கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பொடி எழுத்தைப் படிக்கத் தொடங்கினார். ஆபீஸ் ஆள் அல்லவா, அதை விடுவாரா? “இதப் பாத்தீங்களா ரெண்டு பேரும்? ‘வேலை முடியும்வரை தவறு செய்தவர் தாழ்ந்த பக்கத்தில் நிற்க வேண்டும். தவறு செய்யாதவர் போகலாம்.’ நான் கையெழுத்துப் போட்டாலும் இங்கதான் நிக்கணும். படிக்காம ஒரு தாளக் கொண்டாந்து நீட்டுறது.”

“வேலை எப்ப தம்பி முடியும்?” என்று வல்லி கேட்டாள்.

சோலைராஜ் விரல் விட்டு எண்ணினான். “இப்ப ஐப்பசி. மழை நிக்கணும். களி காஞ்சு பாளம் பாளமா வெடிக்கணும். அதுக்கப்புறந்தான் கடப்பாரையே வைக்க முடியும். சித்திரை ஆயிரும்க்கா.”

புளியங்கொட்டை சித்திரைக்குள் எவ்வளவு பெரிதாகும் என்று வல்லி யோசித்தாள். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. பேனாவை அவர் கையிலிருந்து வாங்கினாள்.

“அக்கா, இது உங்க தப்பு இல்லையே” என்றான் சோலைராஜ்.

“வாட்டம் வைக்கிறப்ப நான் பாத்துக்கிட்டுத்தானே தம்பி இருந்தேன். வாயத் தொறந்தேனா?”

“அதுக்காக...”

“நீ சாட்சிக் கையெழுத்தப் போடு.”

அவள் பெயரை முழுதாக எழுதினாள். இனிஷியலும் போட்டாள். மை காய்வதற்கு முன்பே களி அவருடைய கால்களை விட்டது. அவளுடைய கால்களைப் பிடித்தது. குளிர்ச்சியாகத்தான் இருந்தது. பிடி மட்டும் கெட்டி.

நவநீதகிருஷ்ணன் காலை உதறிக்கொண்டு மேட்டில் ஏறினார். ஃபாரத்தை வாங்கி அவள் கையெழுத்தைப் படித்தார். முகம் தெளிந்தது. ஐப்பசி பிறந்ததிலிருந்து அப்படித் தெளிந்து அவள் பார்க்கவில்லை.

“எனக்கு அப்பவே மனசுல பட்டுச்சு, உன் தப்பாத்தான் இருக்கும்னு” என்றார். அவள் தோளில் கை வைத்தார். கடுமையாகச் சொல்லவில்லை. பரிவாகத்தான் சொன்னார். “விடு வல்லி. மனுஷங்கன்னா தப்பு நடக்கத்தான் செய்யும். நான் மனசுல வச்சுக்க மாட்டேன்.”

பேட்டை அவளிடம் கொடுத்துவிட்டு நடந்தார். தப்புச் செய்யாதவருக்குக் கோர்ட் நாற்பத்துநாலு அடிதான். இருபது எட்டு வைத்தார், வீடு வந்துவிட்டது. சோலைராஜும் அவருக்குப் பின்னாலேயே கிளம்பினான். ஆனால் ஈசானியத்துக்கு வாட்டம் வைத்த கை அவனுடையது. அவன் நடந்துகொண்டே இருந்தான். மறுநாள் பொழுது விடிந்த பிறகும் நெட்டை எட்டவில்லை.

ஈசானியத்தில் நின்று பார்த்தால் எவ்வளவு தூரமானாலும் எல்லாம் தெளிவாகத் தெரியும். தாழ்ந்த பக்கத்துக்கு உள்ள ஒரே சௌகரியம் அது. வல்லி பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் சமையலறை வாசலில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். உலர்ந்த துண்டை எடுத்துக் காலைத் துடைத்தார். விரலிடுக்கை ஒவ்வொன்றாகத் துடைத்தார். டாக்டர் கொடுத்த மருந்தைப் புண்ணில் போட்டார். அவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. போதும் சாமி, கால் பிழைத்தது. அந்த நிமிஷத்தில் சித்திரை என்ன, அடுத்த சித்திரை வரைக்கும்கூட நிற்கலாம் போல இருந்தது.

அவர் உள்ளே போனார். வெளியே வந்தார். இந்தப் பக்கம் திரும்பி வாயைத் திறந்து எதையோ சொன்னார். சத்தம் அப்போது வரவில்லை. அவ்வளவு தூரத்தைச் சத்தம் நடந்துதானே கடக்க வேண்டும். அவள் காத்திருந்தாள். தண்ணீர் முழங்காலைத் தொட்ட நேரத்தில், பிற்பகலில், அது வந்து சேர்ந்தது.

“வல்லி, காபித்தூள் எங்க இருக்கு?”

இரண்டாவது தட்டில், நீல டப்பாவில், சீரகத்துக்குப் பின்னால். பதில் அவள் நாக்கு நுனியில் தயாராக இருந்தது. அவள் மூச்சை இழுத்து வாயைத் திறந்தாள்.

“வாட்டம் தப்பு!” என்று கத்தினாள். “தப்பு உங்களோடது! உங்களோடது! கேக்குதா?”

அந்தக் குரல் தன்னுடையதுதானா என்று அவளே திரும்பிப் பார்த்தாள். பின்னால் காம்பவுண்டு சுவர்தான் இருந்தது. சொன்னதை இனிப் பிடித்து நிறுத்த முடியாது. அது தண்ணீரைத் தாண்டி, கான்கிரீட்டில் ஏறி, வெள்ளைக் கோட்டை ஒட்டிப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் அது சோலைராஜை எட்டியது. அவன் நின்றான். திரும்பி அவளைப் பார்த்தான். பிறகு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டான். அடுத்து டீக்கடையை எட்டியது. பெஞ்சில் இருந்தவர்கள் பேப்பரை மடித்தார்கள். கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்திவிட்டு, அது எங்கே போகிறது என்று சமையலறை வாசல் பக்கம் எட்டிப் பார்த்தார். நெட் லேசாக ஆடி நின்றது.

நவநீதகிருஷ்ணன் காலைத் தூக்கி ஸ்டூலில் வைத்துக்கொண்டு, காதுக்குப் பக்கத்தில் கையைக் குவித்து, காபித்தூள் இருக்கும் இடத்தைக் கேட்பதற்காகக் காத்துக்கொண்டிருந்தார்.